செல் பட்ட முதுகுக்குச் ‘செல்’ ஊசியா? குருத்துக்கல சிகிச்சை: எதற்கு உதவும், எங்கே ஆபத்து?

கொடிகாமம் சந்தையைத் தாண்டி, பருத்தித்துறை வீதியால் கொஞ்சத் தூரம் போய், மணல் ஒழுங்கைக்குள் இறங்கினால் அந்த வீடு வரும். முற்றத்தில் இரண்டு பலா, வேலியோரம் தென்னை. வாசற்படியை மூடிச் சீமெந்தால் ஒரு சாய்தளம். அதில் சக்கரநாற்காலி ஏறி இறங்கித் தேய்ந்த தடம்.

நாற்காலியில் இருக்கும் அண்ணைக்கு இப்போது நாற்பத்தைந்து வயதுக்குக் கிட்ட. 1996இல் குடும்பத்தோடு கிளாலியால் கடல்நீரேரி கடந்து வன்னிக்குப் போனவர். 2009 மார்ச்சில் மாத்தளனில் செல் துண்டு முதுகில் ஏறியது. செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றப்பட்டு உயிர் தப்பினார். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் அவருடைய கைத்தொலைபேசியில் இருந்த ஒரு வீடியோ. தென்னிந்திய நகரமொன்றிலுள்ள தனியார் சிகிச்சை நிலையத்தின் விளம்பரம் அது. நாற்காலியில் வருகிற ஒருவர், அடுத்த காட்சியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். மூன்று ஊசி, ஆறு வாரத் தங்கல். பயணம், இருப்பிடம் எல்லாம் சேர்த்தால் இலங்கைக் காசில் முப்பது இலட்சத்துக்கு மேல். கனடாவில் இருக்கிற தம்பி பாதியைத் தருவதாகச் சொல்லிவிட்டார். மீதிக்கு வளவில் ஒரு துண்டை விற்கக் கதை நடக்கிறது.

“இங்கிலீசில நிறைய எழுதியிருக்கு. உண்மையோ பொய்யோ எண்டு பார்த்துச் சொல்லுங்கோ தங்கச்சி,” என்றார் அண்ணை.

அடுப்படியில் இருந்து அம்மா எட்டிப் பார்த்துக் கேட்டார்: “செல் பட்டு விழுந்த பிள்ளைக்கு இனிச் செல் ஊசியோ?”

எங்கள் ஊரில் ‘செல்’ என்றால் வானத்திலிருந்து விழுவது. ஆங்கிலத்தில் அதே ஓசையுள்ள இன்னொரு சொல்லுக்கு உயிரின் மிகச் சிறிய அலகு என்று பொருள்; எங்கள் பாடப்புத்தகங்கள் அதைக் கலம் என்கின்றன. ‘ஸ்டெம் செல்’ என்பதைத் தமிழ்நாட்டில் குருத்தணு என்றும் மூலச்செல் என்றும் எழுதுகிறார்கள். இந்தக் கட்டுரையில் குருத்துக்கலம் என்றே எழுதுகிறேன்.

நான் வைத்தியர் அல்ல. இரண்டு கிழமை வாசித்தும், யாழ்ப்பாணத்தில் பணியாற்றும் வைத்தியர் ஒருவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை, இதேபோன்ற வீடியோக்கள் வந்து சேர்ந்த மற்றக் குடும்பங்களுக்காகவும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

குருத்துக்கலம் என்றால் என்ன?

வாழைக்குருத்தை நினைத்துப் பாருங்கள். விரிந்து முடிந்த இலை இலையாகவே இருந்து காய்ந்து போகும். குருத்திலிருந்து புதிய இலை வந்துகொண்டே இருக்கும். உடலிலும் பெரும்பாலான கலங்கள் ‘விரிந்து முடிந்த’ கலங்கள்தான். சில கலங்கள் மட்டும் இரண்டு வேலை செய்யும்: தம்மைப் போன்ற கலத்தையும் உண்டாக்கும், வேறு வகைக் கலமாகவும் மாறும். அவையே குருத்துக்கலங்கள்.

இவற்றில் மூன்று வகைகளை அறிந்திருந்தால் போதும். முதலாவது, வளர்ந்த உடலிலேயே இருப்பவை: என்பு மச்சையில், தோலில், கருவிழியின் விளிம்பில். இவை தத்தம் இழையத்துக்கு உரிய கலங்களை மட்டுமே பெரும்பாலும் உண்டாக்கும். இரண்டாவது, கருவளர்ச்சியின் முதல் நாட்களிலுள்ள முளையத்திலிருந்து எடுப்பவை. மனித முளையக் குருத்துக்கலங்கள் முதன்முதலில் 1998இல் அமெரிக்காவில் பிரித்து வளர்க்கப்பட்டன. இவை எந்த இழையமாகவும் மாறக்கூடியவை. மூன்றாவது, சாதாரண தோற்கலம் போன்றவற்றைப் பின்னோக்கித் திருப்பி உருவாக்குபவை. யப்பானின் ஷின்யா யமனாக்கா இதை 2006இல் எலியிலும் 2007இல் மனிதக் கலத்திலும் செய்து காட்டி, 2012இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

விளம்பரங்கள் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்து விடுகின்றன. யப்பானிய ஆய்வைப் பற்றிய செய்தியைக் காட்டிவிட்டு, இடுப்புக் கொழுப்பிலிருந்து எடுத்த கலத்தை ஊசியில் ஏற்றுவார்கள். இரண்டும் ஒன்றல்ல.

நிரூபிக்கப்பட்ட பயன்: குருதி

குருத்துக்கல சிகிச்சை முழுவதும் ஏமாற்று என்று நினைத்துவிடக் கூடாது. குருதி நோய்களில் அது பல்லாயிரம் உயிர்களைக் காத்திருக்கிறது. என்பு மச்சை மாற்று என்று நாம் கேள்விப்படுவது இதைத்தான். செங்குருதிக் கலம், வெண்குருதிக் கலம், குருதிச் சிறுதட்டு எல்லாவற்றையும் வாழ்நாள் முழுக்க உற்பத்தி செய்வது மச்சையிலுள்ள குருத்துக்கலங்கள். நோயுற்ற மச்சையை மருந்தால் அழித்துவிட்டு, நலமான ஒருவரின் குருத்துக்கலங்களைக் குருதி ஏற்றுவதுபோல் நாளத்தில் ஏற்றினால், அவை தாமாகவே எலும்புக்குள் போய்க் குடியேறுகின்றன.

1950களில் அமெரிக்காவில் டொனால் தோமஸ் தொடங்கிய வேலை இது. 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் முதல் மாற்று 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் நடந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1986இல் தொடங்கியது. இலங்கையில் மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் இதற்கான பிரிவு உண்டு. லுக்கேமியா, லிம்போமா, மயலோமா போன்ற குருதிப் புற்றுநோய்கள், தலசீமியா, மச்சை செயலிழக்கும் நோய், பிறவி நிர்ப்பீடனக் குறைபாடு ஆகியவற்றுக்கு இது ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவம்.

அதிலும் ஆபத்து உண்டு. மச்சையை அழித்த பின் வரும் கிழமைகளில் சாதாரண கிருமியும் உயிரை எடுக்கலாம். கொடையாளியின் கலங்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமாகக் கருதித் தாக்கலாம். இவ்வளவு ஆபத்தையும் ஏற்பது, மறுபக்கம் நோயே உயிரைக் குடிக்கும் என்பதாலும், பலன் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்ற கணக்கு கையில் இருப்பதாலும்.

புலம்பெயர்ந்த உறவுகள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இங்கே இருக்கிறது. கொடையாளிக்கும் நோயாளிக்கும் எச்.எல்.ஏ. எனப்படும் இழைய அடையாளம் பொருந்த வேண்டும். உடன்பிறந்த ஒருவருடன் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அது இல்லாவிட்டால் உலகப் பதிவேடுகளில் தேட வேண்டும். இந்த அடையாளம் பரம்பரையோடு வருவதால், ஒரு தமிழ்ப் பிள்ளைக்குப் பொருந்தக்கூடியவர் பெரும்பாலும் இன்னொரு தமிழராகவோ தெற்காசியராகவோ இருப்பார். கனடாவில் 17 முதல் 35 வயது வரையும், பிரித்தானியாவின் அந்தனி நோலன் பதிவேட்டில் 16 முதல் 30 வயது வரையும் பதியலாம். சென்னையில் தாத்ரி, ஜீவன் என்ற பதிவேடுகள் இருக்கின்றன. பதிவுக்குத் தேவை கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி எடுக்கும் மாதிரி மட்டுமே.

தோலும் கண்ணும்

குருதிக்கு அடுத்தபடியாக உறுதியான முன்னேற்றம் இந்த இரண்டிலும்தான். எரிகாயப்பட்டவரின் சொந்தத் தோலில் தபால்தலை அளவு எடுத்து, ஆய்வுகூடத்தில் விரிப்பாக வளர்த்து மீண்டும் ஒட்டும் முறை 1980களிலிருந்து இருக்கிறது. 2015இல் ஜேர்மனியின் போகும் நகரில், சிரியாவிலிருந்து அகதியாக வந்த ஏழு வயதுச் சிறுவனுக்கு, மரபணு திருத்திய அவனது சொந்தக் குருத்துக்கலங்களிலிருந்து வளர்த்த தோல், உடலின் ஏறத்தாழ 80 வீதத்தை மூட ஒட்டப்பட்டது. பிறவித் தோல்நோயால் மரணத்தின் விளிம்பில் இருந்தவன் பாடசாலைக்குத் திரும்பினான்.

கருவிழியின் விளிம்பிலுள்ள குருத்துக்கலங்கள் அதன் மேற்பரப்பைப் புதுப்பிக்கின்றன. அமிலம், தீ, வெற்றிலைச் சுண்ணாம்பு ஆகியவற்றால் இந்த விளிம்பு எரிந்தால் கண் வெள்ளையாகிப் பார்வை போகும். மற்றக் கண் நலமாக இருந்தால் அதிலிருந்து சிறு துண்டு எடுத்து நட்டு, பார்வையை மீட்கலாம். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிலையம் இதில் உலகறிந்த இடம். அங்குள்ள வைத்தியர்கள் 2012இல் வெளியிட்ட எளிய முறைக்கு ஆய்வுகூடமே தேவையில்லை. ஐரோப்பாவில் இத்தகைய சிகிச்சைக்கு 2015இல் அனுமதி கிடைத்தது. ஆனால் செல் துண்டு விழிக்குள் புகுந்து விழித்திரையோ பார்வை நரம்போ சிதைந்திருந்தால் இது பயன்படாது.

முண்ணாண்: ஆய்வு எங்கே நிற்கிறது?

எங்கள் வீடுகளில் கேட்கப்படும் கேள்வி இதுதான். மச்சையில் வெல்வது முதுகில் ஏன் வெல்லவில்லை?

மச்சை இயல்பிலேயே கலங்களைப் புதுப்பிக்கும் இடம். முண்ணாணில் அப்படியான புதுப்பித்தல் இல்லை. காயம் பட்ட இடத்தில் நரம்புக் கலங்கள் இறந்து, குழியும் தழும்பும் உண்டாகின்றன. புதிய கலத்தை வைத்தால் மட்டும் போதாது. அது உயிர் பிழைக்க வேண்டும், சரியான நரம்புக் கலமாக மாற வேண்டும், அதன் இழை தழும்பைக் கடந்து சரியான இடத்தில் இணைய வேண்டும். அறுந்த மின்கம்பிக்கு மேல் செம்புத் தூளைத் தூவினால் விளக்கு எரியாது.

நேர்மையான முயற்சிகள் நடக்கின்றன. 2010இல் அமெரிக்காவின் ஜெரோன் நிறுவனம் முளையக் குருத்துக்கலத்திலிருந்து பெற்ற கலங்களை முண்ணாண் காயக்காரருக்கு முதன்முதலில் ஏற்றியது. 2011இல் பணக் காரணத்தால் நிறுத்தியது. 2018 இறுதியில் யப்பான் அரசு, நோயாளியின் சொந்த மச்சைக் கலத்தைக் கொண்டு செய்யும் ஒரு சிகிச்சைக்கு நிபந்தனையுடன் அனுமதி கொடுத்தது. அதற்கு ஆதாரம் 13 பேரில் நடந்த சிறு ஆய்வு மட்டுமே. ஒப்பீட்டுக் குழு இல்லை என்று உலக விஞ்ஞானிகள் விமர்சித்தார்கள். 2024இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக், கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களைப் 10 பேருக்கு ஏற்றியதில் 7 பேரிடம் ஓரளவு முன்னேற்றம் கண்டதாக வெளியிட்டது. அது பாதுகாப்பைப் பார்க்கும் முதற்கட்ட ஆய்வு. 2025 மார்ச்சில் கெய்யோ பல்கலைக்கழகம், யமனாக்கா வழியில் உருவாக்கிய கலங்களை ஏற்றிய 4 பேரில் 2 பேருக்கு அசைவு மேம்பட்டது என்று அறிவித்தது. அவர்களில் ஒருவர் தாங்கலின்றி எழுந்து நின்றார்.

நல்ல செய்திதான். ஆனால் கெய்யோவில் கலம் ஏற்றப்பட்டது காயம்பட்டு 14 முதல் 28 நாட்களுக்குள். யப்பான் அனுமதித்த மற்றச் சிகிச்சையும் புதிய காயத்துக்கே. காயம்பட்ட முதல் வருடத்தில் சிலருக்கு எந்த ஊசியும் இல்லாமலே அசைவு கொஞ்சம் திரும்புவதுண்டு. அதனால்தான் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் முடிவு சொல்ல முடியாது. பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகத் தழும்பேறிய முண்ணாணை ஊசியால் நடக்க வைத்ததாக நிரூபித்த ஆய்வு இன்று உலகில் எங்கும் இல்லை.

அப்படியானால் வீடியோவில் நடந்தவர்? அவருக்கு எப்போது காயம்பட்டது, முண்ணாண் முழுதாக அறுந்ததா, அரைகுறையா என்று வீடியோ சொல்லவில்லை. ஆறு வாரம் தினமும் இயன்மருத்துவப் பயிற்சி கொடுத்து, காலுக்குத் தாங்கிக் கட்டி, கம்பி பிடிக்க வைத்தால் ஊசி இல்லாமலும் சிலரை நிறுத்தலாம்.

ஆபத்துகள்: நடந்தவை

“சரிவராட்டிலும் நட்டமில்லைத்தானே” என்று பலர் சொல்கிறார்கள். மருத்துவ இதழ்களில் பதிவான சில சம்பவங்களைப் பாருங்கள்.

போர்த்துக்கல்லின் லிஸ்பனில், முதுகு காயப்பட்ட அமெரிக்க இளம்பெண் ஒருவருக்கு மூக்கின் உட்படலக் கலங்களை முண்ணாணில் வைத்தார்கள். நடை திரும்பவில்லை. எட்டு வருடம் கழித்து முதுகுவலி தாங்காமல் வந்தபோது, முள்ளந்தண்டுக்குள் சளி சுரக்கும் மூக்கு இழையம் கட்டியாக வளர்ந்திருந்தது. இது 2014இல் வெளியானது.

பக்கவாதத்துக்காகச் சீனா, ஆர்ஜென்டினா, மெக்சிக்கோ என்று போய்க் குருத்துக்கல ஊசி போட்ட அமெரிக்கர் ஒருவருக்கு முள்ளந்தண்டில் கட்டி வளர்ந்து, இருந்த அசைவும் பறிபோனது. அந்தக் கட்டியின் கலங்கள் வேறொருவருடையவை என்று 2016இல் பதிவானது.

இஸ்ரேலியச் சிறுவன் ஒருவனுக்கு மொஸ்கோவில் கருவின் நரம்புக் கலங்கள் ஏற்றப்பட்டன. நான்கு வருடத்தில் மூளையிலும் முண்ணாணிலும் கட்டிகள் வந்தன.

அமெரிக்காவின் புளோரிடாவில் மூன்று பெண்கள் தலா 5,000 டொலர் கட்டி, கொழுப்புக் கலங்களைக் கண்ணில் ஏற்றினார்கள். ஒரே நாளில் இரண்டு கண்ணிலும். நாட்களுக்குள் பார்வை போனது. 2018இல் அமெரிக்காவில், தொப்புள்கொடிக் குருதிப் பொருளை ஏற்றிய 12 பேருக்குக் கடும் பக்டீரியாத் தொற்று வந்தது.

முதுகில் காயமுள்ளவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. காயத்துக்கு மேலே எஞ்சியிருக்கும் பலம்தான் அவருடைய சொத்து. நாற்காலியை உந்துகிற கை, சாப்பிடுகிற கை. முண்ணாணுக்குள் ஊசி இறக்குவது அந்தச் சொத்தைப் பணயம் வைப்பது.

செல் துண்டு இன்னும் உடலில் இருப்பவர்கள் இதையும் கவனியுங்கள். இப்படியான நிலையங்கள் முதலில் எம்.ஆர்.ஐ. படம் கேட்கும். அந்த இயந்திரம் பலத்த காந்தம். உடலுக்குள் இரும்புத் துண்டு இருந்தால் அது அசையலாம், சூடேறலாம். முன்கூட்டியே சொல்லி, எக்ஸ்றே எடுத்துப் பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டியின் தலைப்பில் ‘சிகிச்சை’ என்ற சொல் இருந்தது. 2013இல் திருத்தியபோது அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள். குருதி நோய்களுக்கு அப்பால் எதுவும் சிகிச்சை என்ற நிலையை அடையவில்லை என்பதே காரணம். 2017ஆம் ஆண்டு வழிகாட்டியும் அதையே சொல்கிறது. மற்ற எல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம், ஆய்வில் சேருபவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் குருத்துக்கல ஊசி போடுவதைப் பரிந்துரைக்க முடியாது என்று கூறியது.

ஆகவே முண்ணாண் காயத்துக்கு ‘சிகிச்சை’ என்று சொல்லி இலட்சக்கணக்கில் வாங்கும் நிலையம், அந்த நாட்டு வழிகாட்டிக்கே புறம்பாக நடக்கிறது.

பணம் கட்டமுன் கேட்க வேண்டியவை

இது ஆய்வா, ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சையா? ஆய்வென்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் எண் என்ன? பதிவேட்டில் பெயர் இருப்பது அரசின் அங்கீகாரம் ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆய்வென்றால் ஏன் காசு?

எந்தக் கலம்? என்னுடையதா, வேறொருவருடையதா? எங்கிருந்து எடுத்தது, எங்கே வளர்த்தது?

என்னைப் போல, இத்தனை வருடப் பழைய காயம் உள்ள எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? முடிவு எந்த மருத்துவ இதழில் வெளியானது? வீடியோ இதற்குப் பதில் ஆகாது.

திரும்பி ஊருக்கு வந்த பின் காய்ச்சலோ வலியோ வந்தால் யார் பொறுப்பு? என்ன ஏற்றினீர்கள் என்ற விபரத்தை எழுத்தில் தருவீர்களா?

ஒரே ஊசி சர்க்கரை, ஓட்டிசம், முழங்கால், முதுகு எல்லாவற்றையும் மாற்றும் என்று சொன்னால் அங்கேயே எழும்பி வந்துவிடுங்கள்.

மீண்டும் அந்த வீடு

இவ்வளவையும் அண்ணைக்குச் சொல்லி முடிக்க ஒரு பின்னேரம் எடுத்தது. அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் கேட்டார்: “அப்ப நான் நடக்க மாட்டன் எண்டுறியளோ?”

அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. இந்த ஊசி நடக்க வைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று மட்டும் சொன்னேன். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை அவர் விளங்கிக்கொண்டார். ஆனால் அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை, நான் ஆலோசனை கேட்ட வைத்தியரோடு அவரைத் தொலைபேசியில் பேச வைத்தேன். வைத்தியர் கால்களைப் பற்றிக் கேட்கவில்லை. இருக்கும் இடத்தில் புண் இருக்கிறதா, சிறுநீர் எப்படிப் போகிறது, கடைசியாகக் காய்ச்சல் எப்போது வந்தது என்றே கேட்டார். இருந்தது. இடுப்பெலும்புக்குக் கீழே ஒரு புண், நான்கு மாதமாக ஆறவில்லை. காய்ச்சல் வந்து வந்து போனது. முதுகு காயப்பட்டவர்களின் உயிரை எங்கள் போன்ற இடங்களில் எடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டும்தான்: படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும். அவை தடுக்கக்கூடியவை. நாற்காலியில் இருக்கும்போது கால் மணிக்கொரு தரமாவது கையூன்றி உடலைத் தூக்குவது, படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கொரு தரம் புரள்வது, நல்ல மெத்தை, சுத்தமான குழாய், கிரமமாகப் பரிசோதனை. பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

வளவு விற்கும் கதை நின்றது. தம்பி அனுப்பிய காசில் ஒரு பகுதியில் காற்று மெத்தையும் நாற்காலிக்குப் புது இருக்கைத் தலையணையும் வந்தன. நாற்காலியோடு உள்ளே போகக்கூடிய மலசலகூடம் கட்டினார்கள். பதினாறு வருடமாக அதற்கு அம்மாவோ மச்சானோ தூக்க வேண்டியிருந்தது. புண் ஆறுவதற்கு இரண்டரை மாதம் எடுத்தது.

கடைசியாகப் போனபோது அந்த வீடியோ இன்னும் கைத்தொலைபேசியில் இருந்தது. அழிக்கவில்லையா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்:

“இருக்கட்டும் தங்கச்சி. உந்த யப்பான்காரர் எங்களைப் போலப் பழைய காயக்காரருக்கும் செய்தால், அதை நீங்கள்தான் வந்து சொல்ல வேணும்.”

சொல்வதாக ஒத்துக்கொண்டேன். அதுவரை அவருடைய கையும் தோலும் சிறுநீரகமும் நலமாக இருக்க வேண்டும். நாளைக்கு உண்மையான மருந்து வந்தாலும், அதை வாங்கிக்கொள்ள உடல் இருக்க வேண்டுமே.